சனிக்கிழமை இரும்பு

பத்து நிமிஷத்தை நான்கு வருஷம் நீட்டத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் காரைக்காலில், எங்கள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கலாம். தெருவில் அவர் 'பத்து நிமிஷம் சார்'. ஸ்பானரைக் கையில் எடுத்தால் போதும், எதிரே யார் நின்றாலும் "பத்து நிமிஷ வேலைதாங்க" என்பார். அப்படி அவர் ஆரம்பித்ததுதான், பழைய புல்லட்டை வீட்டிலேயே கழற்றிப் புதுசாக்கும் வேலை.

அந்த புல்லட்டுக்கு ஒரு பூர்வகதை உண்டு. கல்யாணமான மூன்றாவது வாரம், புது மனைவியைப் பின்னால் உட்காரவைத்து அம்பகரத்தூர் கோயிலுக்குக் கிளம்பினார். சுரக்குடி தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அரக்குப் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அந்த அம்மா பின்னாலிருந்து தள்ள, வயலில் நடவு நட்டவர்கள் எல்லாரும் நிமிர்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்களாம். ஒரு மைல்கல் வரைக்கும் தள்ளிவிட்டு, "இனிமே செத்தாலும் இதுல ஏற மாட்டேன்" என்று சொன்னவர், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போகும்வரை ஏறவில்லை. வண்டி கொல்லையில் நின்றது. அதன் சீட்டுக்கு அடியில் கோழி அடைகாத்தது.

ஐம்பது வயது தாண்டியதும் சாருக்கு வேறு ஆசையே இல்லாமல் போயிற்று. அந்த அம்மாவை அதே வண்டியில் மறுபடி ஏற்றி, அம்பகரத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். அவ்வளவுதான்.

உதிரி பாகங்களுக்கு அவர் நம்பியது திருமலைராயன்பட்டினத்தில் ஒரு பழைய இரும்புக் கடையை. அங்கே லோடு இறங்குவது சனிக்கிழமை காலை. ஞாயிறு கடை கிடையாது. திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து போனால் நல்ல சாமானையெல்லாம் மற்றவர்கள் பொறுக்கிக்கொண்டு போயிருப்பார்கள். சனிக்கிழமை இரும்பு வாங்கினால் ஆகாது என்று நம்ம ஊரில் யாரும் வரமாட்டார்கள் என்பதால், அன்றைக்கு மொத்தக் கடையும் சாருக்குத்தான். ஒரே ஒரு சங்கடம், அந்த அம்மாவும் நம்ம ஊர்தான்.

"அவரு அஞ்சு கிலோமீட்டர்ல திருநள்ளாத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருக்காரு. சனிக்கெழம இரும்ப எடுத்துக்கிட்டு இந்த வாசப்படிய மிதிச்சீங்க, அப்புறம் நடக்கிறதே வேற" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் சார் சாக்குப்பையோடு எங்கள் போர்ட்டிகோவில் வந்து நின்றார்.

"பாய், ஒரு சின்ன ஒத்தாசை. இது இங்க இருக்கட்டும். நாளைக்குக் காலையில எடுத்துக்கறேன்."

"என்ன சார் இது?"

"கியர்பாக்ஸ். உங்களுக்குத்தான் சனி கெடையாதே?"

"வாங்குனது சனிக்கெழமதானே சார்?"

"வாங்குனது கடையில. வீட்டுக்குள்ள வர்றது ஞாயித்துக்கெழம. ரூல்படி கரெக்டு."

முப்பது வருஷம் ஃபைல் தள்ளிய மனிதரிடம் ரூல் பேசி ஜெயிக்க முடியுமா? வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் வீட்டில் இரும்பு மழைதான். மட்கார்டு வந்தது, செயின் வந்தது, யாரோ இடித்த வீட்டின் மயில் போட்ட ஜன்னல் கம்பி வந்தது. "இது எதுக்கு சார்?" என்றேன். "புடவை வீல்ல மாட்டாம இருக்கத் தடுப்பு" என்றார். மயிலை அறுத்து, வளைத்து, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் தோகை விரிக்க வைத்தார். ஒருநாள் இன்ஜின் வந்தது. மூன்று பேர் இறக்கினார்கள். மறுநாள் அதைத் தூக்க மூன்று பேர் கிடைக்கவில்லை. "இன்ஜின் வண்டிக்கிட்ட போகலன்னா, வண்டி இன்ஜின்கிட்ட வரட்டும்" என்று மிச்ச வண்டியையும் எங்கள் போர்ட்டிகோவுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

என் மனைவி பொறுமைசாலி. ஆனால் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு.

"நமக்கு சனி கெடையாது, சரி. எனக்கு இடுப்பு இருக்குல்ல? இதையெல்லாம் நகத்தி நகத்திக் கூட்டறது யாரு? நேத்து பசியாற தோசை சுடப் போனா, கல்லுக்குப் பக்கத்துல போல்ட் கெடக்கு!"

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். வண்டி தயாரான பிறகும் அவர் விடமாட்டார், அதுதான் கொடுமை. இரண்டு முறை ஸ்டார்ட் ஆகி, தெரு முழுக்க அதிர்ந்து, எங்கள் வீட்டு அலமாரியில் டம்ளரெல்லாம் ஆடின. நான் கைதட்டினேன். அவர் காதைச் சாய்த்துக் கேட்டு, "ஒரு சத்தம் கூடுதலா வருது பாய்" என்று சொல்லி, அன்றைக்கே மொத்தத்தையும் கழற்றிப் பரப்பிவிட்டார். டேங்க்குக்கு மூன்று தடவை பெயின்ட். மனைவிக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து அந்த அரக்குப் பட்டை எடுத்துப்போய், பெயின்டரிடம் விரித்துக் காட்டி, "இந்தக் கலர் வர்ற வரைக்கும் அடிங்க" என்றாராம்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, மூன்றாவது முறையாக வண்டி உறுமியது. சார் காதைச் சாய்த்தார். நான் ஸ்பானர் டப்பாவை மெல்ல என் முதுகுக்குப் பின்னால் நகர்த்தினேன். "ம்... பரவால்ல" என்றார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இந்தாம்மா! நாளைக்கு ஞாயித்துக்கெழம, வீட்டுக்கு எடுத்துட்டு வரேன்!"

கொஞ்ச நேரத்தில் எங்கள் கேட் திறந்தது. அரக்குப் பட்டுப்புடவையில், தலையில் பூவோடு அந்த அம்மா வந்து நின்றார்.

"இன்னைக்கு சனிக்கெழமயாச்சே..." என்றார் சார்.

"இரும்பு வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னுதான் சொன்னேன். நான் வெளிய வரக் கூடாதுன்னு யாரு சொன்னா? நாளைக்குன்னு விட்டா நீங்க திரும்பக் கழட்டிருவீங்க. எடுங்க வண்டிய."

டேங்க்கும் புடவையும் ஒரே நிறத்தில், இருவரும் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி வேறு புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரத்தில் போன் வந்தது.

"பாய், சுரக்குடி தாண்டி நின்னுருச்சு. பத்து நிமிஷ வேலைதான். அந்த ஸ்பானர் டப்பாவ மட்டும் எடுத்துக்கிட்டு வந்துருங்க."

எனக்குப் பகீர் என்றது. அதே சுரக்குடி! நான்கு வருஷப் பாடும் போச்சு, அந்த அம்மா இந்நேரம் பஸ் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே ஸ்கூட்டரை விரட்டினேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் திருநள்ளாற்றைத் தாண்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது.

அங்கே கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. சார் ஹேண்டில்பாரைப் பிடித்து, வியர்வை ஒழுக வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். பின் சீட்டில், மயில் தோகைக்கு மேலே, சப்பரத்தில் சாமி வருவதுபோல அந்த அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"என்னக்கா, எறங்கலையா?"

"எதுக்குத் தம்பி எறங்கணும்? அன்னைக்கு நான் தள்ளுனேன், இன்னைக்கு அவரு தள்ளட்டும். அந்தா தெரியுது பாரு மைல்கல்லு, அது வரைக்கும்."

வண்டியைக் குனிந்து பார்த்தேன். பெட்ரோல் குறைந்திருக்கிறது, ரிசர்வுக்குத் திருப்பினால் வண்டி ஓடிவிடும். சொல்ல வாயெடுத்தேன். சார் என் காலை மிதித்தார்.

"தெரியும் பாய்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "உங்களுக்குப் போன் பண்ணிட்டுத்தான் பாத்தேன். மைல்கல்லு வரட்டும். பேசாம வாங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மைல்கல் வந்தது. ரிசர்வுக்குத் திருப்பி ஓர் உதை விட்டார், வண்டி பிடித்துக்கொண்டது. "பத்து நிமிஷம்கூட ஆகலையே!" என்று அந்த அம்மா சிரித்த சிரிப்பு, அத்தனை சத்தத்திலும் எனக்குக் கேட்டது.

மறுநாள் வண்டி அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி போர்ட்டிகோவை இரண்டு தடவை கழுவிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை சாக்குப்பை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. "என்னங்க, சார் இந்தப் பக்கமே காணோம்?" என்று அவளேதான் கேட்டாள். அந்தக் காலி மூலையைப் பார்க்க எனக்கும் பிடிக்கவில்லை.

போன சனிக்கிழமை திருமலைராயன்பட்டினம் பக்கம் போனவன், அந்தக் கடையில் பழைய ஹார்ன் ஒன்றைப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே வாங்கிக்கொண்டு வந்து மூலையில் வைத்தேன். ஞாயிறு காலையில் சார் வந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத மாட்டறது பத்து நிமிஷ வேலைதான் பாய்."

"வண்டிய இங்கயே கொண்டாந்துருங்க சார்" என்றேன். "மெதுவாவே மாட்டுங்க."