மரத்தடிச் செடியும் என் சாய்வு நாற்காலியும்

அந்தச் செடிகளைக் கொன்றே தீருவது என்று முடிவு செய்தேன். நான் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவன். ஆனால் விஷயம் என் சாய்வு நாற்காலி சம்பந்தப்பட்டது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஊசியிலை மரம் நிற்கிறது. அடியில் எப்போதும் நிழல். புல்கூட முளைக்காது. சமையலறையிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாத ஒரே இடம் அதுதான். அதாவது, விழவில்லை என்று நான் சாதிக்கக்கூடிய ஒரே இடம். ஞாயிற்றுக்கிழமை அங்கே நாற்காலியைப் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, கூடை நிறையச் செடிகளோடு என் மனைவி வந்து நின்றாள்.

“கொஞ்சம் எழுந்திருங்க. இந்தச் செடியை இங்கதான் நடப்போறேன்.”

“இங்கயா? இங்க நான் இருக்கேனே.”

“நீங்க சும்மாதானே இருக்கீங்க. இது நம்ம பக்கத்துக் காட்டுச் செடி. தரையோட படருமாம், வருஷம் பூரா பச்சையா இருக்குமாம். நர்சரிக்காரர் சொன்னார்.”

“இந்த மண்ணுல எதுவும் வேர் பிடிக்காதும்மா.”

“பிடிக்கலைன்னா இடம் உங்களுக்கே. சிமெண்டே போட்டுத் தரேன். மழைக்காலம் முடியட்டும், பார்ப்போம். பிடிச்சுடுச்சுன்னா நாற்காலி வராந்தாவுக்கு வந்துடணும்.”

வராந்தா சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து தும்மினால்கூட ஒரு வேலை கிடைக்கும். செடிக்கு மண் பிடிக்குமோ என்னவோ, எனக்கு அந்தச் செடியைப் பார்த்த மாத்திரத்திலேயே பிடிக்கவில்லை.

நட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

“ஏங்க, ரொம்ப நோஞ்சான் செடி. சருகைத் தினமும் பெருக்கிடுங்க, மூடினா மூச்சு முட்டிடும். மேல இருக்கற கிளையை வெட்டிடுங்க, நிழல் ஆகாது. முக்கியமா காப்பிச் சக்கை, வினிகர்னு புளிப்பா எதுவும் கிட்டப் போகக் கூடாது. பட்டா போச்சு!”

“சேச்சே! நான் எதுக்கு அந்தப் பக்கம் போறேன்?” என்றேன். மனதுக்குள் விசில் அடித்தேன்.

அன்றே சதி தொடங்கியது. சருகைப் பெருக்கவில்லை. கிளையைத் தொடவில்லை. இந்த இரண்டு சதியும் எனக்கு ரொம்பவே ஒத்துப்போயின, உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம் பாருங்கள். மூன்றாவதற்குத்தான் உழைப்பு தேவைப்பட்டது. அவள் குளிக்கப் போனதும் காப்பிச் சக்கையைப் பேப்பரில் சுருட்டி, வினிகர் பாட்டிலை இடுப்பில் செருகி, பூனை மாதிரி நடந்துபோய்ச் செடி செடியாக ஊற்றிவிட்டு வருவேன். கல்யாணமான நாளிலிருந்து எந்த வேலையையும் இவ்வளவு ஒழுங்காக நான் செய்ததில்லை.

“வினிகர் மடமடன்னு தீர்ந்துபோகுதே?”

“எலியா இருக்கும்.”

“எலி வினிகரா குடிக்கும்?”

“இந்த வீட்டுல அதுக்கு வேற என்ன கிடைக்குது?”

“பெரிய எலிதான்” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

ஒரு சாயங்காலம் பார்த்தால், ஓரத்துச் செடி ஒன்று பழுத்த இலைகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்துவிட்டேன்! ஆனால் சாப்பாடு இறங்கவில்லை. அது என்ன பாவம் செய்தது? என் நாற்காலியை அதுவா கேட்டது? திரும்பப் போய் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “மன்னிச்சுக்கோப்பா” என்றேன். வினிகரை அன்றோடு நிறுத்தினேன். ஆபீசில் கோப்பைத் திறந்தால்கூட அந்தப் பழுத்த இலைதான் கண்ணில் நின்றது. செடிக்கொலை செய்தவன் கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு காலை, சருகை முட்டிக்கொண்டு அதே செடியிலிருந்து பளபளவென்று துளிர்கள். பக்கத்துச் செடியிலும் துளிர். எல்லாவற்றிலும் துளிர். விழுந்தது வெறும் பழைய இலை! அப்பாடா! தோற்றவன் இப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை. மழை ஓய்ந்தபோது மரத்தடி முழுக்கப் பச்சை ஜமக்காளம். நாற்காலியை நானே வராந்தாவுக்குத் தூக்கி வந்தேன். உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சி.

நேற்று பக்கத்து வீட்டு டீச்சர் வந்தார். நான் வராந்தாவில் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன்.

“அடேயப்பா! இந்த மரத்தடியில எதுவும் வராதேங்க?”

“இது புளிச்ச மண்ணுலதாங்க வரும்” என்றாள் என் மனைவி. “நிழல் வேணும். சருகு மூடியே கிடக்கணும். காப்பிச் சக்கைன்னா உயிரு.”

பேப்பரை மெல்ல மூக்கு வரைக்கும் இறக்கினேன்.

“வினிகர் வாடை வேற அடிச்சுதே, செடி தாங்குமா?”

“பாட்டில்ல பேருக்குத்தான் வினிகர். பாக்கி தண்ணி. நான்தான் கலந்து வெப்பேன்.”

“அதெல்லாம் சரி, தினமும் யாரு மெனக்கெடறது? எங்க வீட்டுக்காரர் சொன்னா எதையும் செய்ய மாட்டார்.”

“இவரும் அப்படித்தான். அதனாலதான் செய்யாதீங்கன்னு சொன்னேன்.”