எங்க வீட்டுக்காரர் கைவேலை

வாசல்படியில் படமெடுத்து நிற்கும் ஏழுதலை நாகம் தன் வீட்டுக்காரர் கைவேலை என்று கார்த்யாயினி சொல்லி வாய் மூடவில்லை, அது அப்படியே தாய்லாந்திலிருந்து பெட்டியில் வந்து இறங்கியது என்று கட்டட சூப்பர்வைசர் ஆசிக் சொல்லிவிட்டார். பரங்கிப்பேட்டைக்காரர், பொல்லாத மனுஷன் இல்லை. சுற்றிக் காட்டச் சொன்னார்கள், உள்ளதைச் சொல்லிக் காட்டுகிறார்.

"ஓகோ," என்றாள் நாத்தனார் பார்வதம். பார்வதத்தின் ஓகோவைக் கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அதன் கனம் தெரியும்.

விஷயம் இதுதான். பார்வதத்தின் கணவர் சுப்பிரமணியன் கடலூரில் தங்கள் குலதெய்வம் கோயிலின் திருப்பணிக் கமிட்டித் தலைவர். கும்பாபிஷேகத்துக்கு வர்ணவேலையை யாரிடம் கொடுப்பது என்று இன்றைக்குச் சாயங்காலம் முடிவாக வேண்டும். கமிட்டியில் எல்லோரும் ஒரு புதுச்சேரிக்காரரைச் சொல்கிறார்கள். பார்வதத்துக்கும் தன் தம்பி ராஜகணேஷ் மேல் அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. தொழில் தெரிந்தவன்தான், ஆனால் வாயில்லாப் பூச்சி, யாரிடமும் போய் வேலை கேட்க மாட்டான் என்பது அவள் கட்சி.

புருஷனுக்கும் சேர்த்துத்தான் கார்த்யாயினிக்கு வாய் இருக்கிறதே. காடாம்புலியூர் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் எழும்பும் இந்தப் புத்தர் கோயிலின் அத்தனை வர்ணமும் தன் புருஷன் கையால்தான் என்று சிதம்பரத்தில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஒரு மாதமாக அவர் தினமும் இங்கேதான் வருகிறார். கோயில் வர்ணக்காரர் கோயிலுக்குப் போனால் வேறு என்ன செய்வார்? என்ன வேலை என்று கேட்டால் மட்டும் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார். சரி, அடக்கமான மனுஷன் என்று இவளும் விட்டுவிட்டாள். அவரிடம்கூடச் சொல்லாமல் நாத்தனாரையும் அவள் கணவரையும் கையோடு அழைத்து வந்ததுதான் இன்றைய கூத்து.

கோயில் கண்ணைப் பறித்தது. கிளிப்பச்சை, மயில்நீலம், மாம்பழ மஞ்சள், ரோஸ் என்று ஒரு நிறம் பாக்கியில்லை. பாதிக்கு மேல் இன்னும் சாரம் கட்டியிருந்தது. இத்தனை அழகில் ஏதாவது ஒன்று தன் வீட்டுக்காரருடையதாக இல்லாமலா போய்விடும் என்று கார்த்யாயினி தைரியத்தை வரவழைத்துக்கொண்டாள்.

மேலே விதானத்தில் விரிந்திருந்த தாமரையைக் காட்டினாள். அது அச்சில் வார்த்து, கலரோடு வந்தது என்றார் ஆசிக். தூணில் இருந்த தங்கக் கொடியைக் காட்டினாள். அதைச் செய்தவர்கள் போன வாரம்தான் ஊருக்கு விமானம் ஏறினார்களாம். பார்வதம் இரண்டு தடவை ஓகோ சொன்னாள். கடைசியில் கார்த்யாயினி ஒரேயடியாக இறங்கி வந்து, வெளி மதில்சுவர் வெள்ளையாவது அவர் அடித்ததுதானே என்று ஆசிக்கிடமே கேட்டாள்.

"அது நான் அடிச்சதுக்கா," என்றார் ஆசிக், கூச்சத்தோடு. "அன்னிக்கி ஆளு வரல."

இதற்கிடையில் சுப்பிரமணியன் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்திருந்தார். வாராவாரம் நடராஜர் சன்னதிக்குப் போகிறவர், கோயில் என்றதும் பழக்கதோஷத்தில் சட்டையைக் கழற்றிப் பக்கத்துக் கைப்பிடியில் போட்டுவிட்டார். கைப்பிடிக்கு அப்போதுதான் பச்சை அடித்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை முதுகில் பட்டையாகப் பச்சையோடு திரும்பி வந்தது.

இனி மறைத்துப் பயனில்லை, ஆளையே காட்டிவிடலாம், உயரச் சாரத்தில் எங்காவது வேலையாக இருப்பார் என்று கார்த்யாயினி எல்லோரையும் பின்பக்கம் இழுத்துப் போனாள். அவர் சாரத்தில் இல்லை. பலாமரத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கிளையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பத்துப் பேர் சட்டி தூக்கிக்கொண்டிருந்தார்கள். இவர் சட்டையில் ஒரு சொட்டுக் கறை இல்லை.

"நம்ம குடும்பத்துல இன்னிக்கி பெயின்ட் பட்டது இவரு சட்டையில மட்டுந்தான்," என்று பார்வதம் தன் வீட்டுக்காரரைக் காட்டினாள்.

இங்கே என்னதான் வேலை செய்கிறீர்கள் என்று கார்த்யாயினி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். ராஜகணேஷ் தலையைச் சொறிந்தார்.

"இப்ப சொல்லக்கூடாது கார்த்தி. பௌர்ணமி ஆவட்டும்."

சுப்பிரமணியன் புதுச்சேரிக்காரருக்குப் போன் போடச் செல்லை எடுத்தார். அதைப் பார்த்ததும் கார்த்யாயினிக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ரோஷம் வந்ததோ.

"நான் சொன்னது அம்புட்டும் புளுகுதான் அண்ணி. இங்க இவரு ஒண்ணும் செய்யல. ஆனா இவரு கைய பத்தி நான் புளுகல. கீரப்பாளையத்துல இவரு வரைஞ்ச துவாரபாலகர பாத்து எம் பையனே ஒரு வருசம் அந்தப் பக்கம் போவல. அவன் அப்பா வரைஞ்சதுன்னு தெரிஞ்சும் போவல. புதுச்சேரிக்காரரு நல்லவராவே இருக்கட்டும். இவரு மாதிரி ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க பாப்போம்."

சொல்லும்போதே வந்தது பெருமையா அழுகையா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பார்வதத்துக்கும் மனசு கொஞ்சம் இளகியது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"கை இருந்து இன்னா பண்றது கார்த்தி? இத்தினி பேருக்கு வேல குடுத்துட்டு இவன மட்டும் ஒக்கார வச்சிருக்காங்க. ஆவாதுன்னுதான?"

ராஜகணேஷை அங்கேயே விட்டுவிட்டுக் காருக்குத் திரும்பினார்கள். வழி பெரிய மண்டபத்துக்குள் போனது. உள்ளே புத்தர் கூரை முட்ட உட்கார்ந்திருந்தார். செந்தாமரை நிறத்தில் ஆடை, சாந்தமான உதடு, எல்லாம் முடிந்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பார்வதம் கைகூப்பியபடி அண்ணாந்து பார்த்தாள்.

"இதுவும் உன் வீட்டுக்காரரு கைவேலதானா?"

கார்த்யாயினிக்கு இனி புளுகத் தெம்பில்லை. "இல்ல அண்ணி. இந்த சாமிக்கும் அவுருக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது."

அதுவரை உள்ளதை மட்டுமே சொல்லி வந்த ஆசிக் பதறிப்போய்க் குறுக்கே வந்தார்.

"அப்புடிச் சொல்லாதீங்கக்கா, பௌர்ணமியன்னிக்கி இவுருக்குக் கண்ணு தொறக்கப்போறதே நம்ம அண்ணன்தான், அதுக்கு முன்னால அந்தக் கை இங்க வேற எதையும் தொடக்கூடாதுன்னுதான் பெரிய பிக்கு அவர ஒக்கார வச்சிருக்காரு."