கால் கழுவி வந்த கார்

காரைக்குடியில் ஆயுள் இன்சூரன்ஸை வளர்த்தது யார் என்று என்னைக் கேட்டால், எந்தப் பெரிய அதிகாரியின் பெயரையும் சொல்ல மாட்டேன். சம்புடத்தாரின் காரைத்தான் சொல்வேன். அதில் ஒருமுறை ஏறி இறங்கியவன் பாலிசி எடுக்காமல் வீடு போய்ச் சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

சம்புடத்தார் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. அறுபதுகளின் கடைசியில் செக்காலையில், எங்கள் வீட்டுக்கு நாலைந்து வீடு தள்ளிக் குடியிருந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. வெள்ளைக்காரன் காலத்துப் பேபி கார் ஒன்று கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் வண்டிக் கொட்டடியில் கோழி அடைக்கப் பயன்பட்டுக்கொண்டிருந்தது. கோழிகளுக்கு வேறு இடம் பார்த்துக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தார். அது தெருவில் நுழைந்த அன்றைக்கே யாரோ, "பலகாரச் சம்புடத்துக்குச் சக்கரம் வச்ச மாதிரியில்ல இருக்கு" என்றார்கள். அவ்வளவுதான். கார் சம்புடம் ஆனது, அவர் சம்புடத்தார் ஆனார்.

கார் சின்னது என்பது பாதிக் கதை. சம்புடத்தார் பெரியவர் என்பது மீதிக் கதை. ஆறடி உயரம், அதற்குத் தக்க அகலம். அவர் காரில் ஏறினார் என்று சொல்வதே தப்பு. சட்டை போடுவது போல அதைப் போட்டுக்கொள்வார். முதலில் இடது கால் போகும், அடுத்து தலை, கடைசியில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு வயிறு. வலது கைக்கு உள்ளே இடமில்லாததால் அது எப்போதும் ஜன்னலுக்கு வெளியேதான் இருக்கும். எதிரே வருகிறவர்கள் அவர் வலது பக்கம் திரும்பப்போகிறார் என்று நினைத்து ஒதுங்கி நின்றுவிடுவார்கள். அதனால் பல உயிர்கள் தப்பின.

அவர் தனியாகப் போனால் வண்டி அவர் பக்கமாகச் சாயும். அதற்காகப் பக்கத்து ஸீட்டில் ஓர் உப்பு மூட்டை வைத்திருப்பார். யாராவது ஏறிக்கொள்ள வந்தால் மூட்டையை இறக்கித் தெருவில் வைத்துவிட்டு அந்த ஆளை வைத்துக்கொள்வார். திரும்பி வரும்வரை தெரு ஆடுகளெல்லாம் அந்த மூட்டையை நக்கிக்கொண்டிருக்கும். எங்கள் தெரு ஆடுகள் மாதிரி திடகாத்திரமான ஆடுகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இவ்வளவு சின்ன கார் ஆபத்தில்லையா என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்டுவிடக் கூடாது. டீக்கடையில் உட்கார்த்தி வைத்துப் பாடம் எடுத்துவிடுவார். பெரிய வண்டி என்றால் பெரிய உடம்பு, விபத்து வந்து மோதுவதற்கு எவ்வளவு இடம் பாருங்கள் என்பார். "கொசுவ அடிக்கிறது சிரமமா, எருமைய அடிக்கிறது சிரமமா? சொல்லுங்க" என்பார். பக்கத்து ஸீட்டில் கால் வைக்கிற இடத்தில் தகரம் அரித்துப் போய் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. உட்கார்ந்தபடியே ரோடு ஓடுவதைப் பார்க்கலாம். அது ஓட்டை இல்லையாம். பிரேக் பிடிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர் காலை ஊன்றிக்கொள்வதற்கான வசதியாம்.

நானும் ஒருநாள் அந்த வசதியில் காலை வைத்தேன். ஒரு வேலையாகக் கானாடுகாத்தான் போக வேண்டியிருந்தது. வழியில் எதிரே ஒரு லாரி வந்தது. எங்கள் மேல் மோதவில்லை, உரசவும் இல்லை. அது போன காற்றிலேயே எங்கள் வண்டி ரோட்டை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரைச் சரிவில் போய் நின்றது. நான் அந்த ஓட்டையில் காலை ஊன்றியபடி உட்கார்ந்திருந்தேன். சம்புடத்தார் அசரவில்லை. பெரிய காராக இருந்தால் லாரி அடித்திருக்கும், இது மரியாதை தெரிந்து ஒதுங்கிக்கொண்டது என்றார். நாற்று நட்டுக்கொண்டிருந்த நாலு பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து காரை அலாக்காகத் தூக்கி ரோட்டில் வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே வயலுக்குத் திரும்பினார்கள்.

அன்று சாயங்காலமே பாலிசிக்குக் கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு, நீங்கள் எவ்வளவுக்கு எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனிதர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குத் தம்பி? நாந்தான் சின்ன வண்டியில போறேனே."

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில் என் மனைவி கண்ணாத்தாள் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். ஆனால் காரைக்குடி ஆஸ்பத்திரி டாக்டரம்மா பார்த்துவிட்டு, பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, தலை மேலே இருக்கிறது, கால் கீழே இருக்கிறது என்றார். வலி எடுத்தவுடன் கொண்டுவந்துவிட வேண்டும், வீட்டில் வைத்துக்கொண்டு பார்த்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் மகள் தாய்வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக, என் மாமியார் நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, எந்த வண்டியில் கொண்டுபோவது என்பதுதான். ஒரு குதிரை வண்டிக்காரரைப் பிடித்து, ஆத்திர அவசரத்துக்கு வந்து நிற்க வேண்டும் என்று தங்கள் ஊர்க் கண்ணாத்தா அம்மன் மேல் ஆணை வாங்கினார். தெருவில் நின்ற சம்புடத்தைப் பார்த்தார். "ஊறுகாச் சாடி கணக்கா இருக்கு. அதுல எம்மகள ஏத்துனீகன்னா நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று என்னிடம் சொன்னார். தெருவுக்கே கேட்டது. சம்புடத்தாருக்கும் கேட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வண்டியைக் கிளப்பி ஒரு சுற்று சுற்றிவிட்டு, எங்கள் வாசலில் நிறுத்தி, "வண்டி தயாரா இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போவார். மாமியார் ஜன்னலைச் சாத்துவார். இது ஒரு பூஜை மாதிரி தவறாமல் நடந்தது.

வைகாசி மாதம். நல்ல முகூர்த்தம். எங்கள் தெருவின் இரண்டு கோடியிலும் இரண்டு கல்யாணம், இரண்டு கொட்டகை. செட்டிநாட்டுக் கல்யாணக் கொட்டகை என்றால் தெருவின் ஓரத்தில் போடுவதில்லை, தெருவையே அடைத்துப் போடுவதுதான். காலை பத்து மணி இருக்கும். டாக்டரம்மா சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே கண்ணாத்தாளுக்கு வலி கண்டுவிட்டது.

நான் குதிரை வண்டிக்காரரைத் தேடி ஓடினேன். ஆணையெல்லாம் எங்கே போயிற்றோ, அவர் கல்யாணத்துக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். ஊரில் இருந்த டாக்ஸி, ஜட்கா, கூண்டு வண்டி எல்லாம் சம்பந்தி வீட்டார் வசம். உள்ளே கண்ணாத்தாள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். மாமியார் வாசலுக்கு வந்து தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். தெருவில் நின்ற ஒரே வாகனம் சம்புடம்தான். வீம்பை விழுங்கிக்கொண்டு அவரே போய்ச் சம்புடத்தார் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"அண்ணே, கொஞ்சம் வாரீகளா?"

மனிதர் வாயில் இருந்த இட்லியோடு வந்தார். உப்பு மூட்டை தெருவில் விழுந்தது. கண்ணாத்தாளைப் பின் ஸீட்டில் சாய்த்து, தலையை மடியில் வாங்கிக்கொண்டு மாமியாரும் எப்படியோ உள்ளே மடங்கிக்கொண்டார். முன் ஸீட்டை மடக்கி அவள் காலை நீட்ட வைத்ததில் எனக்கு இடமில்லை. கூடவே ஓடினேன். அந்த வண்டிக்கு ஈடுகொடுத்து ஓடுவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

கிழக்குக் கொட்டகையில் பந்தி நடந்துகொண்டிருந்தது. தெரு முழுக்க வரிசையாக இலை. அவர்களை எழுப்பினாலும் அதற்குப் பின்னால் கோட்டை அடுப்பும் அண்டாக்களும். வண்டியைத் திருப்பினோம். மேற்குக் கொட்டகையில் கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் மணவறைக்குள் காரை விட முடியுமா? மறுபடி திருப்பினோம். பின் ஸீட்டிலிருந்து வந்த முனகல் நின்று அலறலாகிவிட்டது. மாமியார் அழ ஆரம்பித்துவிட்டார். என் கண் முன்னால் இரண்டு உயிர் போகப்போகிறது, போக வழியில்லாமல் தெரு நடுவில் நிற்கிறோம் என்பது மட்டும்தான் புத்தியில் ஏறியது.

எதிர் வீட்டு முகப்பில் அந்த வீட்டுப் பெரிய மனுஷி ஆச்சி நின்றுகொண்டிருந்தார். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளெல்லாம் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். ஆச்சி வீட்டு முன்வாசல் எங்கள் தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அங்கே கொட்டகை கிடையாது.

"ஏன் அங்குட்டும் இங்குட்டும் அலையுறீக? எங்க வீட்டுக்குள்ளகூடிப் போங்க" என்றார் ஆச்சி.

அவளால் நடக்க முடியாது, தூக்கிக்கொண்டு போனாலும் அந்தத் தெருவில் வண்டிக்கு எங்கே போவது என்று நான் திணறினேன். சம்புடத்தார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வண்டியோட வரட்டுமா ஆச்சி?"

ஆச்சி காரைப் பார்த்தார். தன் வாசல் கதவைப் பார்த்தார். அந்த வீட்டு வளவுக்குள், அதாவது தூண்களும் முற்றமும் உள்ள உள்கட்டுக்குள், தாசில்தாரே செருப்பைக் கழற்றி, காலைக் கழுவிக்கொண்டுதான் நுழைந்திருக்கிறார்.

"வரட்டும். காலக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

ஆச்சி சொன்னதோடு நிற்கவில்லை. முகப்பில் இருந்த பித்தளைக் குடத்திலிருந்து செம்பில் மொண்டு, அவரே நாலு சக்கரத்திலும் ஊற்றினார். முன்னங்கால் இரண்டு, பின்னங்கால் இரண்டு. மாமியார் உள்ளேயிருந்து கும்பிட்டு, ஆச்சி சீக்கிரம் என்று கதறினார். கழுவாமல் வந்தால் வீட்டுக்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று ஆச்சி பதில் சொல்லிக்கொண்டே நாலாவது சக்கரத்தையும் முடித்தார். சம்புடத்தார் தன் செருப்பைக் கழற்றி ஜன்னல் வழியாக வெளியே போட்டார். வெறுங்காலோடு பெடலை மிதித்தார்.

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் கொட்டகைக்காரர்களும் ஓடி வந்தார்கள். சப்பரம் தூக்குவது போலக் காரைத் தோள் கொடுத்துத் தூக்கிப் படியேற்றி, நிலைப்படியைத் தாண்டி வைத்தார்கள். வாசலுக்கும் காருக்கும் நடுவில் ஒரு விரல் விட இடமிருந்தது. வளவுக்குள் சம்புடத்தார் என்ஜினைக் கிளப்பினார். சுவரில் மாட்டியிருந்த ஆச்சி வீட்டு முன்னோர்கள் படமெல்லாம் நடுங்கின. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஈரச் சக்கரத் தடம் போட்டுக்கொண்டு, தூணைச் சுற்றி வண்டி போனது. ஆச்சி முன்னால் நடந்தார். இங்குட்டு ஒடிங்க, அங்குட்டுத் தூண் இருக்கு என்று போலீஸ்காரர் மாதிரி கை காட்டிக்கொண்டே போனார். இரண்டாம் கட்டில் வடகம் காய்ந்துகொண்டிருந்தது. அதை மட்டும் மிதித்துவிடாதீர்கள் என்றார். மிதிக்கவில்லை.

பின்வாசலில்தான் வந்தது வினை. அது முன்வாசலை விடக் குறுகல். மூக்கு வெளியே போயிற்று, மட்கார்டு இரண்டும் நிலையில் மாட்டிக்கொண்டன. வண்டி முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. கண்ணாத்தாளிடமிருந்து இப்போது சத்தமே வரவில்லை.

அந்த மட்கார்டைச் சம்புடத்தார் தினமும் காலையில் தன் துண்டாலேயே துடைப்பார். ஒரு கோழி அதன் மேல் உட்கார்ந்ததற்காகக் கோழிக்காரரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தவர். இப்போது அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன பாக்குறீக? பிஞ்சா பிய்யட்டும். தள்ளுங்க" என்றார்.

தள்ளினோம். தகரம் கிழிகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டு மட்கார்டும் ஆச்சி வீட்டு நிலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகத் தொங்கின. வண்டி அடுத்த தெருவில் இறங்கி ஓடியது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா என்னைத் திட்டக்கூட நேரமில்லாமல் அவளை உள்ளே கொண்டுபோனார். மத்தியானத்துக்குள் எனக்கு மகள் பிறந்தாள். தாயும் பிழைத்தாள். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் தன் கையில் ஒன்றும் இருந்திருக்காது என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். வராந்தாவில் வெறுங்காலோடு நின்ற சம்புடத்தாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவருக்கு அதெல்லாம் கூச்சம். பெரிய காராக இருந்தால் ஆச்சி வீட்டு முதல் படியிலேயே நின்றிருக்கும் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, கையை உருவிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் எத்தனையோ பெரிய கார்களில் ஏறிவிட்டேன். ஒன்றுக்கும் நான் இப்படிக் கடன்பட்டதில்லை.

சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆரத்தி கரைத்து வைக்க மாமியார் முன்னாலேயே போய்விட்டார். மட்கார்டு இல்லாத சம்புடம் வந்து நின்றது. தாயையும் பிள்ளையையும் பின்னால் உட்கார்த்திவிட்டு, அவர் என்ஜினைக் கிளப்பினார். ஆயிரம் டப்பாவை ஒன்றாக உருட்டின மாதிரி ஒரு சத்தம். தூங்கிக்கொண்டிருந்த குழந்தை தூக்கிப்போட்டு வீரிட்டது. அணைத்தார். தூங்க விட்டு மறுபடி கிளப்பினார். மறுபடி வீரிட்டது. சம்புடத்தார் என்ஜினை நிறுத்தினார். வயிற்றை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். ஜன்னல் வழியாக ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார். நான் பின்னால் கை வைத்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து செக்காலை வரைக்கும் அந்த ஆறடி மனிதர் அந்த வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் வாயில் விரலை வைத்துக் காட்டினார். எங்கள் வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார் இதைப் பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, கடைசியில வண்டி மக்கர் பண்ணிருச்சா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாப் பேசுங்க தாயி. வண்டிக்கு ஒண்ணுமில்ல. பாப்பா தூங்குது."

என் மாமியார் தட்டோடு படியிறங்கி வந்தார். பிறகு ஆரத்தியை முதலில் அவருக்குத்தான் சுற்றினார்.