நாப்பியோடு நிறுத்த பிள்ளை

நிறை விஷயத்தில் நான் நேர்மையான மனிதன் இல்லை. என் மகளின் கிளினிக் அட்டையில் அது பதிவாகாமல் போனது மிட்வைஃபின் புண்ணியம்.

அப்போது மதுராவுக்கு ஆறு மாதம். முந்தின மாதம் நிறைக்கோடு சற்றுச் சரிந்திருந்தது. அதை மிட்வைஃப் பேனையால் சுட்டிக்காட்டிய நாளிலிருந்து என் மனைவி சுகந்திக்கு நித்திரை இல்லை. லீவு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய வாரத்திலேயே அடுத்த கிளினிக்கும் வந்தது.

"இந்த முறையும் குறைஞ்சா நான் வேலையை விட்டிடுவன்."

"நீ போ. பிள்ளையை நான் பாக்கிறன்," என்றேன். (ஒரு கிழமை லீவு போட்டவனின் துணிச்சல்.)

பன்னிரண்டு மணித்தியாலம் ஈரம் தெரியாது என்று நாப்பிப் பெட்டியில் போட்டிருந்தது. அச்சில் வந்ததை நம்புகிற நான் பகலுக்கு ஒன்றே போதும் என்று விட்டுவிட்டேன். கிளினிக் நாளன்று, சுகந்தி வெளிக்கிட்ட பிறகு கழற்றிப் பார்த்தால், பிள்ளையின் பின்பக்கம் செக்கச் சிவந்து கிடந்தது. தொட்டதும் வீறிட்டாள். வெள்ளவத்தை வெக்கை என்று எனக்கு நானே சொல்லி, பவுடரைக் கொட்டி, புது நாப்பி கட்டிக் கொண்டுபோனேன்.

கிளினிக்கில் நீண்ட வரிசை. மடியில் நாப்பி கனக்கக் கனக்க எனக்கு மூளை வேலை செய்தது. இப்படியே நிறுத்தால் கோடு ஏறும், சுகந்தி நிம்மதியாக வேலைக்குப் போவாள்.

"மாத்தயா, நாப்பியக் கழட்டுங்க," என்றார் மிட்வைஃப், சிங்களத்தில் ஐயா என்று மரியாதை வைத்து.

"குளிர் பிடிச்சிடும், மிஸ்."

"இந்த வெயில்லயா?"

தானே கழற்றினார். ஈரப் பவுடர் கட்டி கட்டியாக விழுந்தது. சுற்றியிருந்த தாய்மார் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பியிருப்பேன்.

"இது எரியும், தெரியுமா?" என்றார் மெதுவாக. "தண்ணியால கழுவி, துணியால ஒத்தி எடுங்க. தேய்க்க வேணாம். கொஞ்ச நேரம் சும்மா விடுங்க, காத்துப் படட்டும். பிறகு சிங்க் கிரீம். பவுடர் வேணாம். ரெண்டு மூணு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாத்து மாத்துங்க. மூணு நாள்ல குறையாட்டி டொக்டர்கிட்ட காட்டுங்க."

பிறகு வெறும் உடம்போடு நிறுத்தார். ஏழு கிலோ நூறு. கோடு தானாகவே ஏறியிருந்தது. என் உதவி யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை, பிள்ளையைத் திருப்பிப் பார்த்து அழுதாள். லீவில் மிச்சமிருந்த நாட்கள் பிள்ளையை நாப்பி இல்லாமல் மடியில் வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு நான் இடுப்பில் கட்டிய சாரம் நாலு நனைந்தது. மூன்றாம் நாள் சிவப்பு வடிந்தது. சுகந்தி வேலையை விடவில்லை.

மதுரா வளர்ந்துவிட்ட இப்போது நான் வீட்டில் எந்தக் கணக்கைச் சொன்னாலும், மீன் எத்தனை கிலோ என்றாலும், எத்தனை மைல் நடந்தேன் என்றாலும், கேள்வி ஒன்றுதான். "நாப்பியோடயோ, நாப்பி இல்லாமலோ?"

மற்றவர்களைவிடப் பலமாகச் சிரிப்பவள் மதுரா. அன்று வீறிட்டது அவளுக்கு நினைவில்லை. அதனால்தான் என்னாலும் சேர்ந்து சிரிக்க முடிகிறது.