பெல் ஆயா அடித்த சாப்பாட்டு மணி

எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்து மணி அடிப்பார்கள். டீச்சர் முகத்தைப் பார்த்து மணி அடித்த ஒரே பிறவி, மந்தைவெளியில் என் மகள் ரம்யா வேலைக்குச் சேர்ந்த பள்ளிக்கூடத்துப் பெல் ஆயாதான்.

பெருக்குவது, குடத்தில் தண்ணீர் பிடித்து வைப்பது, தாழ்வாரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவது, இவ்வளவுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. புது டீச்சர்களுக்குப் புத்தி சொல்வது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

ரம்யா சேர்ந்த மூன்றாம் நாளே ஏழாம் வகுப்பு ஜன்னலில் தலையை நீட்டி, பிள்ளைகள் காதுபடச் சொன்னாளாம்: "இன்னாத்துக்கு மிஸ்சு கத்திக்கினு கீற? நீ கத்துனா அதுங்களுக்கு சினிமா பாக்குற மாரி. கம்முனு நில்லு, தானா அடங்கும்."

மறுநாள் நாற்காலியையே வெளியே தூக்கிப் போட்டுவிட்டாள். "ஒரு மாசம் குந்தாத. கடைசி பெஞ்சாண்ட நின்னுக்கினு பாடம் நடத்து."

மகள் கால் வீங்கி வீட்டுக்கு வந்தாள். எனக்கு வந்ததே கோபம்! நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள். அம்பாள் கண் திறந்து எங்கள் வீட்டில் ஒரு டீச்சரைக் கொடுத்திருக்கிறாள். பி.எட். படித்தவளுக்கு மணி அடிக்கிறவள் பாடம் சொல்வதா? நேரே பள்ளிக்கே போய்விட்டேன்.

"ஏம்மா, உனக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?"

"இன்னாம்மா கோச்சுக்கிற? உம் பொண்ணு நேத்து பாத்ரூம்ல நின்னு அழுதுச்சு. உன்னாண்ட சொல்லிச்சா?"

சொல்லவில்லை.

"வர்ற வெள்ளிக்கெழம கரஸ்பாண்டென்ட் கிளாஸ்ல வந்து குந்துவாரு. அவருக்குப் புட்ச்சா வேல, இல்லாங்காட்டி வூடு. போன வருசம் ரெண்டு மிஸ்சு அழுதுக்கினே போச்சுங்க."

அப்போதுதான் என் கோபம் திசை திரும்பியது. ஸ்டாஃப் ரூமில் பதினான்கு பேர், பழம் தின்று கொட்டை போட்டவர்கள். புதுப்பெண் கையில் வருகைப் பதிவேட்டையும் சாக்பீஸ் டப்பாவையும் திணித்து நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் நடுவே தள்ளிவிட்டார்களே, ஒருத்தராவது "இப்படிச் செய்ம்மா" என்று வாய் திறந்தார்களா? ரம்யா போய்க் கேட்டதற்கு, "நாங்களும் தட்டுத் தடுமாறித்தான் கத்துக்கிட்டோம்" என்றார்களாம். இது ஒரு நியாயமா?

வெள்ளிக்கிழமை வந்தது. கரஸ்பாண்டென்டும் வந்து உட்கார்ந்தார். ரம்யா போர்டில் போட்ட பின்னக் கணக்கு தப்பிப் போனது; அழித்துவிட்டுப் போட்டாள், மறுபடியும் தப்பு. பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஜன்னலில் ஆயாவின் முகம் தெரிந்து மறைந்தது. அடுத்த நொடி, பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணி, பதினொன்றேகாலுக்கு அடித்தது! மொத்தப் பள்ளிக்கூடமும் டிபன் டப்பாவோடு மைதானத்தில்.

"கடியாரத்து முள்ளு சரியா தெரில சார்" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாளாம்.

திங்கட்கிழமை கரஸ்பாண்டென்ட் மறுபடி வந்தார். ரம்யா கத்தவில்லை, உட்காரவில்லை, கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்தாள். வேலை நிலைத்தது. ஆயாவுக்கும் வேலை போகவில்லை, மணிதான் போனது. மெமோ கொடுத்து, தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, கரண்டு மணி மாட்டிவிட்டார்கள். படுபாவிகள்!

அன்று சாயங்காலம் கற்பகாம்பாள் சந்நிதியில் அவளுக்காக அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"பேரு, நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

சண்டை போடப் போன நான் அவள் பெயரைக் கேட்டேனா?

"தெரியலைன்னா அம்பாள் பேருக்கே பண்ணிடட்டுமா?"

"வேண்டாம் சாமி. பெல் ஆயான்னே சொல்லுங்க. அம்பாளுக்குத் தெரியும்."