முத்தம் வந்தால் பால் பொங்கும்

பிள்ளைகளா, நாட்டுக்கெல்லாம் ஒரு சென்சார் என்றால், மதுக்கரையில் எங்கள் தெருவுக்கு மட்டும் தனியாக ஒரு சென்சார் உண்டு. பெயர் கத்திரி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

கத்திரி கேபிள் டிவிக்காரர். தன் வீட்டு முன்னறையில் இருக்கும் டெக்கில் கேசட்டைப் போட்டால் தெரு முழுக்கப் படம் ஓடும். படத்தின் தொடக்கத்தில் காட்டும் 'யு', 'ஏ' சர்டிபிகேட்டை அவர் மதிப்பதே இல்லை. "அவங்க நம்ம வீதிய வந்து பாத்தாங்களாக்கும்?" என்பார். கதாநாயகன் தன் முகத்தைக் கதாநாயகியின் பக்கம் கொண்டுபோனால் போதும், சட்டென்று பக்கத்து டெக்குக்கு மாற்றிவிடுவார். அதில் அவர் புதுவீடு குடிபோன விசேஷ கேசட் நிரந்தரமாகக் கிடந்தது. அடுப்பில் பால் பொங்கும். அவருடைய மச்சினர் சாம்பார் வாளியோடு வருவார். பால் பொங்கினால் என்ன அர்த்தம் என்று பொடிசுகளுக்கும் தெரியும். வாசலில் கோலி ஆடிக்கொண்டிருந்ததுகள்கூட ஓடிவந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடும்.

ஆனால் கழுத்தை அறுத்தால் பால் பொங்காது. புருஷன் பெண்டாட்டியைப் பளாரென்று அறைந்தால் பொங்காது, தெருவே கைதட்டும். ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏனுங்க, அடிதடி நாம பாக்காததுங்களா? முத்தத்த யாரு ஊட்டுல பாத்திருக்கறீங்க?"

கல்யாணம் ஆனவன் நான். பேச்சை மாற்றிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை 'யு' படம் போட்டார். குழந்தையின் கண்ணெதிரே அப்பாவை அரிவாளால் வெட்டுகிறார்கள். எல்லாரும் பார்க்கலாம் என்று சர்டிபிகேட், கத்திரியும் விட்டுவிட்டார். மறுநாள் நான் ஷிப்டுக்குக் கிளம்பினால், ஐந்து வயதான எங்கள் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வெளியே போனால் என்னை வெட்டிவிடுவார்களாம். அந்த வாரம் முழுக்க இதே அழுகை.

கத்திரியிடம் சொன்னேன். சண்டைக்குப் போகவில்லை, சும்மா சொன்னேன்.

அன்றிலிருந்து அரிவாளை ஓங்கினால் பால் பொங்கியது. அறை விழுந்தால் பொங்கியது. வில்லன் பல்லைக் கடித்தாலே மச்சினர் வாளியோடு வந்துவிட்டார். சண்டைப் படங்களில் டைட்டிலும் வணக்கமும்தான் மிஞ்சின. முத்தத்தை வெட்டியபோது ஒழுக்கம் என்று மெச்சிய பெரிய மனிதர்கள் இப்போது கொதித்தார்கள். ஒருவர் கத்திரியின் வாசலிலேயே நின்று கேட்டார்: "சம்சாரத்த அடிக்கறதயும் வெட்டிப்போட்டா, அப்புறம் குடும்பப் படம்னு என்னத்தைங்க பாக்கறது?"

வெட்டே இல்லாத கேபிள் என்று பக்கத்துத் தெருக்காரன் வயரோடு வந்தான். வீடு வீடாக அவனிடம் போனார்கள். சண்டையை மட்டுமாவது வெட்டாமல் விடுங்கள், பிழைப்பு போகிறதே என்று நானே போய்ச் சொன்னேன்.

"உடலாமுங்க," என்றார். விடவில்லை.

கடைசியில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். நீங்களும் போகிறீர்களா என்று கேட்பார் என நினைத்தேன்.

"பாப்பா இப்ப உங்கள வேலைக்கு உடுதுங்களா?"

"உடுதுங்க," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுக் கம்பத்தில் ஏறி, தொய்ந்து கிடந்த எங்கள் வயரை இழுத்துக் கட்டினார். தெருவில் அவருக்கு மிஞ்சிய ஒரே வீடு எங்களுடையது. இன்றைக்கும் அவர் போடும் படம்தான் பார்க்கிறோம். பாதிதான் தெரிகிறது, எங்களுக்கு அது போதும்.