அறுந்து போகாத கயிற்றுக்கு நன்றி

"கயிறே, இன்னிக்கும் நீ அறுந்து போகலை. ரொம்ப நன்றி."

லிஃப்டுக்குள் கைகூப்பி நின்ற மெக்கானிக் கண்ணைத் திறந்தபோது, ஆறாவது மாடிக்குப் போக வேண்டிய நாலு பேரும் இரண்டாவது மாடியிலேயே இறங்கி ஓடியிருந்தார்கள்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டடத்தின் லிஃப்டைப் பராமரிக்கிறவர். கயிறு அறுமோ, கதவு மாட்டிக்கொள்ளுமோ என்று கவலைப்பட்டே பாதி ஆளாகிவிட்டவர். தரைத்தளத்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா போன வாரம்தான் வழி சொன்னார். "கெட்டதையே நெனைக்காதீங்க. ஒழுங்கா ஓடுற ஒவ்வொண்ணுக்கும் தினம் நன்றி சொல்லுங்க. மனசுக்குள்ள சொன்னாப் பத்தாது. லிஃப்டுல ஆள் இருக்கும்போது வாய்விட்டுச் சொல்லணும்."

சொன்னார். சில நாளிலேயே அவருக்குத் தூக்கம் வந்தது. மற்றவர்களுக்குப் போய்விட்டது.

"ஏம்ப்பா, கயிறு அறுந்துருமா?" என்று கேட்டார் மூன்றாம் மாடி அக்கா.

"சேச்சே! அறுந்தாலும் பிரேக் புடிச்சுக்கும்க்கா. அடுத்து அதுக்குத்தான் நன்றி சொல்லப் போறேன்."

அக்கா காய்கறிப் பையோடு படிக்கட்டுப் பக்கம் நடையைக் கட்டினார்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூப்பிட்டுக் கத்தினார். "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருங்க!"

மறுநாள் உதடு மட்டும் அசைந்தது. "நேத்தாவது சத்தமா வேண்டிக்கிட்டாரு. இன்னிக்குக் குரலே எழும்பல. நிலைமை முத்திப் போச்சு" என்று ஐந்தாம் மாடி பேசிக்கொண்டது.

தைரியம் கொடுக்கலாமே என்று லிஃப்ட் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: 'இந்த லிஃப்ட் இன்றுவரை விழவில்லை. நன்றி.' அதோடு கதை கந்தல். தபால்காரர்கூடப் படியேறினார்.

ஏழாம் மாடிச் செயலாளர் தொப்பையைத் தூக்கிக்கொண்டு படியேறி, மூச்சு வாங்க நின்றார். "யாரும் ஏறாத லிஃப்டுக்கு மெக்கானிக் எதுக்கய்யா? இந்த மாசத்தோட நின்னுக்குங்க."

வீட்டில் மனைவி தலையில் கை வைத்தாள். "நன்றி சொல்லி வேலையைத் தொலைச்ச ஒரே ஆளு நீங்கதான்!"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். பழைய ஆளாயிருந்தால் அன்றே படுக்கையில் விழுந்திருப்பார். இப்போது இரண்டு வாய் சோறு இறங்கியது. அதற்கும் ஒரு நன்றி சொன்னார்.

மாதக் கடைசியில், டாக்டரம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பலாமென்று கிளினிக்குக்குப் போனார். உள்ளேயிருந்து செயலாளர் வந்தார், நழுவும் பேன்ட்டைப் பிடித்தபடி.

"சர்க்கரை இறங்கிருச்சுய்யா! மாத்திரையைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. அஞ்சாம் மாடிக்காரருக்கு பிரஷரும் அப்படித்தான். நீங்க எங்கயும் போக வேணாம். லிஃப்டும் இருக்கட்டும், உங்க நன்றியும் இருக்கட்டும்."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. வாசலில் நின்ற நர்ஸிடம் சொன்னார். "எனக்குச் சொன்ன வைத்தியம் பாருங்க சிஸ்டர், கட்டடத்துக்கே பலிச்சிருச்சு!"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "அண்ணே, இவங்களைப் படியேறுங்க படியேறுங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான், டாக்டரம்மா உங்களை லிஃப்டுல ஆள் இருக்கும்போது சத்தமாச் சொல்லச் சொன்னாங்க!"